ஒரு சாம்பலுக்குள் இன்னொரு சாம்பல்

ஒரு பாம்பு என்ன நிறம் என்பதற்காகப் புருசனும் பெண்சாதியும் வருடக்கணக்கில் சண்டை பிடித்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். வெளியில் நின்று பார்த்தால் எனக்கும் சிரிப்புத்தான் வரும். அது சாம்பல் நிறம் என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. அது ஒரு சாம்பலா, ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு சாம்பலா என்பதுதான் வழக்கு. அந்த வழக்கில் நான் வென்றேன். அப்படி வென்றதுக்கு நான் தோற்றுப் போயிருக்கலாம்.

பாம்பு எங்கள் வீட்டுக்குள் வந்தது மகனால். பதினைந்து வயதில் அழுது அடம்பிடித்து ஒரு கோர்ன் ஸ்னேக் வாங்கினான். அமெரிக்கப் பக்கத்துப் பாம்பு. விசமில்லை, கடித்தாலும் பூனை பிறாண்டின அளவுக்குக்கூட நோகாது. யூனிவர்சிட்டிக்குப் போகும்போது உடுப்பு, லாப்டொப், என்னுடைய நல்ல ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனான். பாம்பை மட்டும் விட்டுவிட்டுப் போனான். பிள்ளைகள் போன வீடுகளில் சிலருக்கு நாய் மிஞ்சும், சிலருக்குக் கிட்டார் மிஞ்சும், எங்களுக்கு இது மிஞ்சியது. முதலில் திட்டிக்கொண்டு எலி போட்ட இவர், ஒரு வருடத்துக்குள் இன்னொன்று வாங்கினார். பிறகு சோடி வாங்கினார். பிறகு முட்டை பொரிக்க வைக்கிற சூட்டுப் பெட்டி வாங்கினார். இவர் என்று நான் சொன்னால் என் புருசன். பேர் சொல்லிப் பழக்கமில்லை, இனிப் பழகவும் உத்தேசமில்லை. ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறின இந்த நோர்பரி வீட்டின் சின்ன அறை, மகன் படுத்த அறை, தட்டுத் தட்டாகப் பிளாஸ்டிக் பெட்டிகளால் நிறைந்தது.

இவருக்குப் பார்சல் வெயர்ஹவுசில் ஷிப்ட் வேலை. எனக்கு சூப்பர்மார்க்கெட்டின் பேக்கரியில் விடியக்காலை வேலை. மத்தியானத்துக்கு முதல் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆகவே பெட்டி கழுவுகிறதும் தண்ணீர் மாற்றுகிறதும் என் தலையில் விழுந்தது. உறைந்த எலிப் பொட்டலம் ஃபிரீசரில் பாரை மீனுக்குக் கீழே கிடக்கும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. அன்றைக்கு எலியை வெளியே எடுத்து உருக வைக்கவும் நான் விடுவதில்லை, ஆகவே பாம்புகளும் வெள்ளி விரதம். கிங்ஸ்பரியில் இருக்கும் என் தங்கை இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் கோட்டைக் கழற்றுவதில்லை. வாசலோடு நின்று கதைத்துவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கோயிலில் கல்லுப் பாம்புக்குப் பால் ஊற்றுகிறவளுக்கு உயிருள்ள பாம்பென்றால் அருவருப்பு. அது அவளுடைய பாடு.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சண்டை விளங்காது. இந்தப் பாம்பு இயல்பில் செம்மண் நிறம். முதுகில் கறுப்புக் கரை போட்ட சிவப்புத் திட்டுகள். அதிலிருந்து சிவப்பைப் பிடுங்கி எடுத்தால் மிஞ்சுகிறது சாம்பல். சிவப்புப் போவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்றை வளர்ப்பவர்கள் அனரி என்பார்கள், மற்றதை சார்கோல் என்பார்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் சொந்தபந்தம் கிடையாது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒரே வழி வந்து சேர்ந்தால்தான் குட்டியில் அந்தச் சாம்பல் தெரியும். ஒரு பக்கத்தால் மட்டும் வந்தால் வெளியே காட்டாமல் உள்ளுக்குள் ஒளிந்து கிடக்கும். சரி, இரண்டு வழியும் ஒரே பாம்பில் முழுதாகச் சேர்ந்தால் என்ன நடக்கும்? அதுவும் சாம்பல்தான். ஏற்கனவே கள்ளன் அள்ளிக்கொண்டு போன வீட்டுக்குள் இன்னொரு கள்ளன் புகுந்தால் என்னத்தைக் காண்பான்? இதனால்தான் அந்தக் கலப்பைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஒரேயொரு அடையாளம் உண்டு, அதுவும் நிச்சயமில்லை. அனரிப் பாம்புக்கு வளர வளரக் கழுத்தில் மஞ்சள் ஏறும். சார்கோலுக்கு அனேகமாக ஏறாது.

எங்களிடம் ஒரு அனரிச் சோடி இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் வாங்கினவை. அவை போட்ட முட்டை ஒரு ஆவணி மாதம் பொரித்தது. எல்லாம் சாம்பல், அதில் அதிசயமில்லை. இவர் எல்லாப் பெட்டியிலும் அனரி என்று எழுதி ஒட்டினார். நான் அவற்றைக் குசினி ஜன்னலடியில் வைத்துப் பெட்டி கழுவும்போது ஒன்று மட்டும் என் கண்ணில் உறுத்தியது. மற்றவை சாம்பலும் கறுப்புமாகப் பளிச்சென்று இருந்தன. இதில் திட்டுக்கும் உடம்புக்கும் வித்தியாசம் குறைவு, மேலால் ஒரு புகை படிந்த மாதிரி, கொஞ்சம் நாவல்பழச் சாயல். முதல் சட்டை கழற்றின பிறகும் அப்படியே. பெண்குட்டி. கையில் எடுத்தால் மற்றவை வழுக்கிக்கொண்டு ஓடும், இது விரல்களுக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டு கிடக்கும். எனக்கு அதில் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. அதை மறைக்க எனக்கென்ன வெட்கம்?

இவரிடம் சொன்னேன், இது வெறும் அனரி இல்லை, இதற்குள் சார்கோலும் கிடக்கிறது என்று. இவர் ஷிப்டால் வந்து, மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் அரை நிமிடம் பார்த்தார்.

"தாய் அனரி, தேப்பன் அனரி, பிள்ளை அனரி. இதில என்ன ஆராய்ச்சி?"

"தாய்க்கும் தேப்பனுக்கும் உள்ளுக்க என்ன ஒளிஞ்சு கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியுமே?"

அதற்கு இவர் சிரித்தார். வாதத்தில் மாட்டிக்கொண்டால் இவருக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு உள்ளங்காலில் இருந்து எரிச்சல் ஏறும்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பாம்பு விற்கிறவர்களில் இவரைப்போல நேர்மையான ஆளைக் காண்பது அருமை. மற்றவர்கள் ஃபோனில் படத்தை மெருகுபடுத்தி, மூன்று நிறத்தின் பெயரை ஒன்றாகக் கோத்து, இல்லாத பாம்பை விற்பார்கள். இவர் தான் நிரூபிக்காத பெயரை ஒட்டமாட்டார். உள்ளே இருக்கலாம் என்பதை இருக்கிறது என்று சொல்லமாட்டார். அதில் எனக்கும் பெருமை இருந்தது. அந்த நேர்மைதான் கடைசியில் என் தலையில் விடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் முழுவதும் நான் அவளுடைய, அந்தப் பெண்குட்டியின், கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப் பொரித்தவற்றில் இன்னும் விற்காமல் நின்றவற்றுக்கு ஒவ்வொன்றாக மஞ்சள் ஏறத் தொடங்கியது, தாடையின் கீழ் மெல்லியதாக, பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும். அவளுக்கு ஏறவில்லை. கிழமைக்குக் கிழமை ஜன்னலடியில் பிடித்துப் பார்ப்பேன். சாம்பல், சுத்தமான சாம்பல். இவரைக் கூப்பிட்டுக் காட்டினால், சிலதுக்குப் பிந்தி ஏறும் என்றார். எல்லாத்துக்கும் ஏறினாப் பிறகு கூப்பிட்டேன். சிலதுக்கு ஏறாமலும் விடும் என்றார். மனிசனின் மண்டையில் ஏறாததை நான் எத்தனை தரம் சொல்லுகிறது?

அந்த நேரத்தில்தான் யாரோ ஒரு ஆள் வீட்டுக்கு வந்து அவளை வாங்கக் கேட்டார். இவர் அனரி என்ற பேரில் கொடுக்கத் தயார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் எங்களுடைய படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். வந்த ஆளுக்கு முன்னால் இவருக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆள் போன பிறகு சத்தம் போடவில்லை, நிதானமாகச் சொன்னார்.

"கண்ணால பாத்துச் சொல்லுறதை என்னால எழுதி ஒட்டேலாது. சார்கோல் ஆணோட விட்டுப் பாப்பம். குட்டி சாம்பலா வந்தா நீர் சொன்னது சரி, பிறகு அவளை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். சிவப்பா வந்தா வித்துப்போடுவன். சம்மதமே?"

நான் சம்மதித்தேன். கணக்குச் சரியான கணக்குத்தான். அவளுக்குள் சார்கோல் முழுதாக இருந்தால், சார்கோல் ஆணோடு சேரும்போது எல்லாக் குட்டியும் சாம்பலாக வந்தே தீரும். அவளுக்குள் சார்கோல் அறவே இல்லையென்றால் ஒன்றுகூடச் சாம்பலாக வராது, எல்லாம் செம்மண் நிறத்தில் வரும்; ஒரு பக்கத்தால் மட்டும் வந்து ஒளிந்து கிடந்தால் பாதிக்குப் பாதி வரும். இதைவிட நேரான சோதனை கிடையாது. ஆனால் நான் சம்மதித்தபோது என் மனதில் இருந்தது, அதற்கு இன்னும் ஒன்றரை வருடம் கிடக்கிறது என்பது. பாம்பு வளர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பாம்பைச் சோடி சேர்க்க மூன்று வயது வேண்டும், மூன்றடி நீளம் வேண்டும், முந்நூறு கிராம் நிறை வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே இவர்தான். அவளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

மார்கழியில் பார்த்தால் ஃபிரீசரில் எலி வேகமாகக் குறைந்துகொண்டு போனது. நான் கிழமைக்கு ஒன்று போடுகிற இடத்தில், நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து இவரும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பெரிய எலியாகப் பார்த்து, சில நாள் இரண்டாக. மற்றப் பாம்புகளுக்கெல்லாம் குளிர்கால ஓய்வு, அவளுக்கு மட்டும் கல்யாண வீட்டுச் சாப்பாடு. பாம்பு வேண்டாம் என்று சொல்லாது, போட்டால் விழுங்கும். மாசிக்குள் அவள் முந்நூறைத் தாண்டிவிட்டாள். குசினித் தராசில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், பரீட்சையில் பாஸ் பண்ணின பிள்ளையைக் காட்டுகிற மாதிரி. நான் அவளைக் கையில் வாங்கி வயிற்றை வருடிப் பார்த்தேன். தசை இல்லை. கொழுப்பு, மெத்து மெத்தென்று. வாலடிப் பக்கம் மடிப்பு விழுந்திருந்தது.

"இது வளத்தி இல்லை, கொழுப்பு. இன்னும் ஒரு வருசம் பொறுங்கோ."

"நிறை காணும், நீளம் காணும். தராசு பொய் சொல்லுமே?"

"தராசுக்கு வயசு தெரியாது."

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னை நீர் என்றுதான் சொல்லுவார். கோபம் மிஞ்சினால்தான் நீ வரும். அன்றைக்கு வந்தது. உனக்கு விசர், மனிசருக்குப் பாக்கிற மாதிரிப் பாம்புக்கு வயசு பாக்கிறாய், நீதானே நிரூபிக்கச் சொல்லி நிண்டனீ என்றார். நான் எப்போது நிரூபிக்கச் சொன்னேன்? விற்க வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் என் வாயால் வந்தது. ஆனால் இவருடைய காதில் விழுந்தது சவால். ஒரு வருடம் பொறுப்பதற்கு இவருக்கு என்ன தடை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒரு வேளை, என் வாயை அடைப்பதற்கு ஒரு வருடம் காத்திருக்க இவருக்குப் பொறுமை இல்லாமல் இருந்திருக்கலாம்.

சார்கோல் ஆண் பக்கத்து ஊர் சட்டனிலிருந்து வந்தது. அங்கே ஒரு அண்ணை இருக்கிறார், ஜெர்மனியில் பல வருடம் இருந்து பிறகு இங்கே வந்தவர், குளிரூட்டி திருத்துகிற வேலை. அங்கிருந்தே பாம்பு வளர்த்தவர், இவருக்கு ஒரு குரு மாதிரி. ஆண் பாம்பைத் தலையணை உறைக்குள் போட்டு முடிந்துகொண்டு வந்தார். ஆணை இரவல் கொடுக்கிறவருக்குப் பொரிக்கிற குட்டியில் முதல் தெரிவு, அதுதான் வழக்கம். அவர் அவளைக் கையில் எடுத்து, கொஞ்சம் இளமையோ என்று கேட்டார். நிறை சரி அண்ணை என்றார் இவர். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் சோடியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டார். அண்ணையும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, ட்ராஃபிக்கைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்.

வைகாசியில் முட்டை. முதலில் நன்றாகத்தான் போட்டாள். ஈரப் பாசிக்குள் வெள்ளையாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன, இவர் அவற்றை அப்படியே தூக்கிச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தார். ஆனால் அவளுடைய உடம்பில் வாலடிக்குக் கிட்ட இரண்டு முட்டை அப்படியே நின்றது. வெளியே பார்க்கவே தெரியும், காலுறைக்குள் உருளைக்கிழங்கு போட்ட மாதிரி. அவள் முறுகுவாள், நிறுத்துவாள், பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருவாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். இவர் கணினியில் தேடித் தேடி வாசித்து, தானாக வரும், இளஞ்சூட்டுத் தண்ணியில் விடுவம், இன்னும் ரெண்டு நாள் பாப்பம் என்றார். அந்த இரண்டு நாளை நான் கொடுத்திருக்கக் கூடாது. மூன்றாம் நாள் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவளைத் தலையணை உறையில் போட்டு, உறையை என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் என் மடி அசைவதைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

பாம்பு பார்க்கத் தெரிந்த டொக்டர் குரொய்டனில் ஒருவர் இருந்தார். இளம் பெண், பொறுமையாகக் கதைத்தாள். ஊசி போட்டுப் பார்த்தாள், சரிவரவில்லை. படம் எடுத்துக் காட்டினாள். முட்டையைச் சுற்றிக் கொழுப்பு இறுகிக் கிடந்தது, தள்ளுகிற தசைக்கு வலு இல்லை. வயது என்ன என்று கேட்டாள். சொன்னேன். அதை எழுதிக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒப்பரேசன் செய்தால் பிழைக்க வழி இருக்கிறது என்றாள். செய்யச் சொன்னேன். பின்னேரம் டெலிபோன் வந்தது. மயக்கத்திலிருந்து அவள் எழும்பவில்லை.

அதே உறையில் வைத்துக் கொண்டுவந்தேன். வரும்போது பஸ்ஸில் மடி அசையவில்லை. கதவைத் திறந்ததும் இவர் படியில் நின்றார். நான் சொன்னதும் முகம் கறுத்தது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன். கையை நீட்டி உறையை வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. அப்போது என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னாரோ, உண்மையாகவே நினைத்துச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது.

"நல்லகாலம், முட்டையெல்லாம் நல்லாக் கிடக்கு."

நான் பின்வளவில் றோசாச் செடிக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டினேன். மண் இறுகிக் கிடந்தது, கை கொப்பளித்தது. உதவிக்கு வரட்டோ என்று ஜன்னலால் கேட்டார். வரத் தேவையில்லை என்றேன். மேலே போய்ச் சூட்டுப் பெட்டியின் வெப்பத்தைப் பார்த்திருப்பார். ஒரு பாம்புக்காக இப்படி அழுகிறதா என்று என் தங்கை டெலிபோனில் கேட்டாள். ஓம், அழுகிறதுதான், உனக்கென்ன என்று வைத்துவிட்டேன்.

ஆடிக் கடைசியில் முட்டை பொரித்தது. நான் கீழே கறி தாளித்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து சத்தம் வந்தது, வெண்டிட்டம், இஞ்ச ஓடி வாரும், எல்லாம் சாம்பல் என்று. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். முட்டைக் கோதைக் கீறிக்கொண்டு சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒவ்வொன்றும் சாம்பல். ஒரு பொட்டுச் சிவப்பில்லை. நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இவர் என் தோளில் கையைப் போட்டார். வென்றிட்டோமாம். நாங்களாம். அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை, மரக்கட்டை மாதிரி நின்றேன். இந்த விடையை நான் கேட்டேனா? அவள் பெட்டிக்குள் சுருண்டு கிடந்திருந்தால், அவளை உலகம் முழுவதும் வெறும் அனரி என்று சொல்லியிருந்தாலும் எனக்கு ஒரு குறையும் இல்லையே.

அன்றைக்குப் பின்னேரம் இவர் சட்டனுக்கு டெலிபோன் எடுத்தார். நான் உடுப்புக் கூடையோடு படியேறிக்கொண்டிருந்தேன். தனக்கு முதலே சந்தேகம் இருந்ததாம். கழுத்தில் மஞ்சள் ஏறாததைத் தான் கவனித்துக்கொண்டு வந்தாராம். திட்டுக்கும் உடம்புக்கும் வித்தியாசம் குறைவாக இருந்ததாம். என்னுடைய ஒவ்வொரு சொல்லும் இவருடைய வாயால் வந்தது. நான் படியில் இருந்துவிட்டேன், கூடை மடியில். சத்தியமாகச் சொல்கிறேன், தான் பொய் சொல்வதே இவருக்குத் தெரியாது. அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னார்.

ஒரு கிழமை கழித்து அண்ணை வந்து குட்டிகளைப் பார்த்தார். ஒழுங்காக நாலைந்து தரம் தின்னாமல் குட்டியை இன்னொருவரிடம் கொடுப்பதில்லை. ஆகவே தனக்கு வேண்டியதைத் தெரிவு செய்து வைத்துவிட்டு, பிறகு வந்து எடுப்பதாகச் சொன்னார். தம்பிக்கு நல்ல கண், தங்கச்சி என்றார் என்னிடம். தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ என்று கேட்டேன். பிறகு இரண்டு பேரும் கதைத்ததைக் குசினியிலிருந்து கேட்டேன். குட்டிகளில் இரண்டு பெண்ணை இவர் வைத்துக்கொள்வாராம். தாயில் இருந்த இரண்டு சாம்பலும் ஒன்றாகச் சேர்ந்த பாம்பை இவற்றிலிருந்து திரும்ப எடுக்கலாமாம். சரியாகச் சாப்பாடு போட்டால் வாற வசந்தம் விட்டு அதற்கடுத்த வசந்தத்துக்கே ஆயத்தமாகிவிடுமாம். கிடங்கின் மண் இன்னும் காயவில்லை.

அண்ணை குட்டி எடுக்க வந்த அன்றைக்கு இவருக்குப் பகல் ஷிப்ட். நான் தெரிந்துகொண்டுதான் அந்த நாளைச் சொன்னேன். எல்லாக் குட்டியையும் சின்னப் பெட்டிகளில் போட்டு, பைகளில் அடுக்கி, வாசலில் வைத்திருந்தேன். மனிசன் திகைத்துப் போனார். தம்பிக்குத் தெரியுமோ என்று கேட்டார். முதலில் நான் கேட்கிறதுக்கு மறுமொழி சொல்லுங்கோ என்றேன்.

"மூண்டு வயசுக்கு முதல் ஒண்டையும் சோடி சேர்க்கக் கூடாது. அதை மட்டும் எனக்குச் சொல்லிப்போட்டு எல்லாத்தையும் கொண்டுபோங்கோ."

"ஓம் தங்கச்சி. எனக்கும் தெரியும்தானே. சத்தியமாச் செய்யமாட்டன்."

இவர் வந்து வெறும் தட்டைப் பார்த்தார். கீழே வந்து, நிரூபணம் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்திட்டு நிக்கிறாய் என்றார். அன்றைக்கும் நீர் இல்லை, நீ. நிரூபணம் உங்களுக்குத்தான் தேவைப்பட்டது, எனக்கு அவள் இருந்திருந்தால் போதும் என்றேன். இவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். திருப்பிக் கேட்டிருந்தால் அண்ணை கொடுத்திருப்பார். கேட்க இவருடைய மானம் விடவில்லை. இடம் போதாமல் கொடுத்துவிட்டோம் என்று ஆட்களுக்குச் சொன்னார். நான் நல்லது செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நினைப்பில் அந்த வருடத்தையும் அடுத்த வருடத்தையும் கடத்தினேன்.

அதற்கடுத்த வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் ஃபோனைக் கொண்டுவந்து வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். சட்டனிலிருந்து வந்த படம். ஈரப் பாசிக்குள் வெள்ளை முட்டைகள், பக்கத்தில் களைத்துப்போன ஒரு சாம்பல் பாம்பு. நான் கொடுத்த குட்டிகளில் ஒன்று. இரண்டு வயது நிறையவில்லை. எல்லா முட்டையும் சுகமாக வந்துவிட்டதாம், அடுத்த நாளே தாய் எலி தின்றதாம்.

"பாத்தீரே? அதே வயசு, அதே நிறை. ஒண்டும் நடக்கேல்லை. அவளுக்கு நடந்தது அவளின்ர கெட்டகாலம். நீர்தான் சும்மா என்னில பழி போட்டுக்கொண்டு திரியிறீர்."

சத்தியம் செய்தவரில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அது பிறகு வந்தது. முதலில் வந்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளுடைய பிள்ளை உயிரோடு இருக்கிறது, நல்லபடியாக முட்டை போட்டிருக்கிறது, அடுத்த நாள் பசித்துச் சாப்பிட்டிருக்கிறது. நான் சந்தோசப்பட வேண்டிய விசயம். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதுவும் செத்திருந்தால் இந்த மனிசனுக்கு விளங்கியிருக்கும் என்று தோன்றியது. கத்தியைப் பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்துக்கொண்டு, அது பிழைத்துவிட்டதே என்று வயிறு எரிந்தேன். பாம்பைப் பார்த்துப் பயப்படுகிற என் தங்கைகூட அப்படி நினைத்திருக்கமாட்டாள். அந்தத் தாய்ப் பாம்பு செத்ததைக்கூட இவருக்கு ஒரு நாள் மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. என்னை இந்த நினைப்புக்குக் கொண்டுவந்துவிட்டதை மன்னிக்கமாட்டேன்.

நல்லம் என்றேன். இவர் திருப்தியாக ஃபோனை எடுத்துக்கொண்டு மேலே போனார்.